வரிப்பணமும் திருநர் மருத்துவமும்: புறநோயாளிகள் பிரிவில் எழுந்த ஒரு கேள்வி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் நாளமில்லாச் சுரப்பியியல் புறநோயாளிகள் பிரிவின் முன்கூடத்தில் இருக்கைகள் போதவில்லை. சர்க்கரை நோயாளிகளும் தைராய்டு நோயாளிகளும் வழக்கம்போல நிறைந்திருக்க, திருநர் சிறப்பு மருத்துவப் பிரிவுக்கு வந்த ஆறேழு பேரும் அவர்களிடையே காத்திருந்தனர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்த தம் அண்ணனைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்த ஒருவர், முறை வந்து உள்ளே நுழைந்ததும் எங்களைக் கேட்டார்: "ஐயா, அண்ணனுக்கு வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் வேணும்னு சிறுநீரகப் பிரிவில எழுதியிருக்காங்க. ரெண்டு தடவைதான் இடம் கிடைக்குது. வெளியில உக்காந்திருக்கவங்களுக்கு மட்டும் ஆபரேஷன் இலவசமா? எங்க வரிப்பணம்தானே அது?"

கதவு திறந்திருந்தது. வாசலருகே அமர்ந்திருந்த திருநங்கை ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். "அண்ணே, சோப்பு வாங்குனா நானும்தான் வரி கட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை.

அன்று நாங்கள் அளித்த விடை அவசரமானது; அரைகுறையானது. நூறு பேர் காத்திருக்கும் வேளையில் அதற்குமேல் இயலவுமில்லை. ஆயினும் இக்கேள்வி ஒருவருடையது மட்டுமன்று. படுக்கை கிடைக்காத நாளில், மருந்தகத்தில் மருந்து தீர்ந்த நாளில், பலர் மனத்திலும் எழுவதே. மனத்துக்குள் வைத்துப் புழுங்குவதைவிட அதை வெளிப்படையாக ஆராய்வது நன்று என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், இப்பிரிவில் அளிக்கப்படுவது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலுக்கும் தாம் உணரும் பாலினத்துக்கும் இடையே நீடித்த பொருத்தமின்மை சிலருக்கு உண்டு. உலக நலவாழ்வு அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதனை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து நீக்கிப் பாலியல் நலம் சார்ந்த நிலைகளின் அத்தியாயத்தில் சேர்த்தது. அப்பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மனநோய் அன்று என்றால் மருத்துவம் எதற்கு என்று சிலர் வினவுவர். கர்ப்பமும் நோயன்று, ஆனால் மகப்பேற்று மருத்துவமின்றி விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை நம் பாட்டிமார் அறிவர்.

எங்களிடம் வருவோரில் எல்லாரும் அறுவை சிகிச்சை நாடி வருவதில்லை. சிலருக்கு ஆலோசனையே போதுமானது. பலருக்கு ஹார்மோன் சிகிச்சை. திருநங்கையருக்கு ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனின் செயலைத் தணிக்கும் மருந்தும், திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோனும் தருகிறோம். இம்மருந்துகள் எவையும் இவர்களுக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவையல்ல. ஈஸ்ட்ரோஜன், இளவயதிலேயே சூலகம் செயலிழந்த பெண்களுக்கு நாங்கள் நெடுங்காலமாகத் தருவது. டெஸ்டோஸ்டிரோன், விரை வளர்ச்சியற்ற ஆண்களுக்குத் தருவது. ஆண் ஹார்மோனைத் தணிக்கப் பயன்படும் ஸ்பைரோனோலாக்டோனோ, ஈரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்தவர்களும் இதயம் தளர்ந்தவர்களும் தினமும் விழுங்கும் சாதாரண மாத்திரை. இவற்றோடு சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்த அணுக்கள், பொட்டாசியம், ஈரல் செயல்பாடு, ஹார்மோன் அளவு ஆகியவற்றைச் சோதிக்கிறோம். செலவின் பெரும்பகுதி இவ்வளவே.

அறுவை சிகிச்சை வேண்டுவோர், மனநல மருத்துவர் உள்ளிட்ட குழுவின் மதிப்பீட்டைக் கடந்த பின்னரே அறுவை அரங்குக்குச் செல்கின்றனர். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இப்பிரிவில் அறுவை சிகிச்சை செய்வதில்லை.

அடுத்து, இதை அரசு ஏன் ஏற்றது? தமிழ்நாட்டில் இது நேற்றுத் தொடங்கியதன்று. 2008 ஏப்ரல் 15 அன்று, நாட்டிலேயே முதலாவதாக இங்குத் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவச அறுவை சிகிச்சையும் தொடங்கிற்று. 2014ஆம் ஆண்டில், தற்செயலாக அதே ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்து, திருநருக்கு மருத்துவமனைகளில் உரிய சிகிச்சை வழங்க மத்திய, மாநில அரசுகளைப் பணித்தது. 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, அவற்றுக்கான காப்பீடு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வதை அரசின் பொறுப்பாக வைத்தது. 2022 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் திருநருக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுக்கு மத்திய அரசு வழிவகுத்தது.

சட்டம் சொல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அண்ணனுக்கு மூன்றாவது டயாலிசிஸ் கிடைக்காத தம்பிக்கு அது விடையாகாது. எனவே கணக்குக்கு வருவோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டிலும் சேராத 'மற்றவர்' என்ற பிரிவில் நாடு முழுதும் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது 7.21 கோடி. பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ மூவர். வீட்டுக்கு அஞ்சியும் ஊருக்கு அஞ்சியும் தம்மை அவ்வாறு பதிவு செய்யாதவர் பலர் இருப்பர் என்பதால் உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். இருமடங்கு, மும்மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அவர்களிலும் அறுவை சிகிச்சை வேண்டுவோர் ஒரு பகுதியினரே. வேண்டுவோரும் அதை வாழ்நாளில் ஓரிரு முறையே செய்துகொள்கின்றனர். வாரம் மும்முறை டயாலிசிஸ் பெறும் ஒருவருக்கோ ஆண்டுக்கு 156 முறை இயந்திரம் சுழல வேண்டும். மறு ஆண்டும் அவ்வாறே. டயாலிசிஸ் நோயாளி அதிகம் செலவு வைக்கிறார் என்று குறைசொல்ல இதைக் கூறவில்லை. திருநர் பிரிவை நாளையே மூடினாலும் மிஞ்சும் தொகை டயாலிசிஸ் பிரிவின் பற்றாக்குறையைத் தீர்க்காது என்பதைக் காட்டவே கூறுகிறோம்.

வெளிநாட்டு அனுபவமும் இத்திசையிலேயே உள்ளது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகராட்சி தன் ஊழியர் காப்பீட்டில் இச்சிகிச்சையைச் சேர்த்தபோது, விண்ணப்பங்கள் குவிந்து நிதி கரைந்துவிடும் என்று அஞ்சி எல்லா ஊழியர்களிடமும் மாதம் 1.70 டாலர் கூடுதலாகப் பிடித்தனர். விண்ணப்பித்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. வசூலித்த பணத்தில் பெரும்பகுதி செலவாகாமல் கிடந்தது. 2016இல் ராண்ட் ஆய்வு நிறுவனம், அந்நாட்டுப் படையினரின் மருத்துவச் செலவு இதனால் 0.04 முதல் 0.13 சதவீதம் வரையே உயரும் என்று மதிப்பிட்டது. அந்நாட்டு விலைவாசியும் காப்பீட்டு முறையும் வேறு. அந்த எண்களை அப்படியே இங்குப் பொருத்த முடியாது. ஆனால் சிறு எண்ணிக்கையினருக்கான சிகிச்சை பெருநிதியை விழுங்காது என்ற அடிப்படைக் கணக்கு எங்கும் ஒன்றே.

'சிலருக்குத்தானே, அதை ஏன் செய்ய வேண்டும்' என்று வாதத்தைத் திருப்பிப் போடுவோரும் உண்டு. இந்த வாதத்தை ஏற்பதற்குமுன் அது யாரையெல்லாம் வெளியேற்றும் என்று பார்க்க வேண்டுகிறோம். இரத்தம் உறையாமைக் குறைபாடான ஹீமோபிலியாவின் முதல் வகை, ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000க்கு ஒருவருக்கே வருகிறது. அக்குழந்தைக்கு முழங்காலில் இரத்தம் கட்டும்போது அரசு மருத்துவமனையில் இலவசமாக ஏற்றப்படும் உறைவுக் காரணி மிகுந்த விலையுடையது. தலையெண்ணிக்கையை வைத்து முன்னுரிமை வகுத்தால் முதலில் நீக்கப்படுவது அக்குழந்தைதான். பிறவிச் செவிடு நீக்கும் உள்செவிக் கருவி, அரிய மரபணு நோய்கள் என்று அப்பட்டியல் நீளும். நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு சிறுபான்மை நோயின் வரிசையில் நிற்கக்கூடும்.

இனி, செய்யாமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இதை நாங்கள் வார்டில் கண்டவர்கள்.

அரசு மருத்துவமனையின் கதவு மூடியிருந்த காலத்தில் திருநங்கையர் உடலை மாற்றிக்கொள்ளாமல் இருந்துவிடவில்லை. சமூகத்தின் மூத்தவர் ஒருவர் கத்தியால் செய்யும் 'நிர்வாணம்' என்ற சடங்கு ஒரு வழி. உரிய வசதியற்ற சிறு கிளினிக்குகள் மற்றொரு வழி. எங்களில் சிலர் பயிற்சி மருத்துவர்களாக இரவுப் பணியில் இருந்தபோது, அவ்வாறு அறுத்துக்கொண்டு நான்காம் நாள் காய்ச்சலோடும் துர்நாற்றத்தோடும் கொண்டுவரப்பட்ட இருபது வயதுக்காரரை ஏற்றிருக்கிறோம். சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிற்றைத் துளைத்துக் குழாய் இட்டோம். இரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வாரம் கிடந்தார். பிழைத்தார். ஆனால் தழும்பால் சிறுநீர்ப்பாதை சுருங்கிப்போயிற்று. அதை விரிவாக்க ஆண்டுதோறும் சிறுநீரக அறுவைப் பிரிவுக்கு வந்து சென்றதை அறிவோம். அந்தக் குழாய், அந்த மருந்து, அந்தப் படுக்கை யாவும் இதே வரிப்பணத்தில்தான் வந்தன. முறையான அறுவை சிகிச்சைக்குப் பணமில்லை என்ற அதே கருவூலம், அதன் பின்விளைவுக்குப் பலமுறை செலவழித்தது.

ஹார்மோனிலும் இதே கதைதான். மருத்துவரிடம் செல்லக் கூசி, மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி ஒன்றுக்கு நான்காக விழுங்குவோர் இன்றும் உள்ளனர். அம்மாத்திரைகளில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ராடயால் என்ற வகை, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவது. புகைப்பிடிப்பவருக்கு ஆபத்து மேலும் அதிகம். கால் சிரையில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். அதே நபருக்கு நாங்கள் தரும் ஈஸ்ட்ரோஜன் வேறு வகை, அளவும் வேறு, இரத்தப் பரிசோதனையும் உண்டு.

மேலும் ஒன்று. ஹார்மோனுக்காக வருபவர் அதோடு மட்டும் திரும்புவதில்லை. அவருடைய இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது, சளி இருந்தால் காசநோய்ச் சோதனை நடக்கிறது, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆலோசனை தரப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் 0.21 சதவீதம், திருநங்கையரிடையே ஏறத்தாழ 3.8 சதவீதம். இவ்வளவு இடைவெளி உள்ள ஒரு மக்கள் பிரிவை மருத்துவமனை வாசலுக்கு வரவழைப்பதே பொதுச் சுகாதாரத்துக்கு ஓர் ஆதாயம். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் இலவசமாக்கப்பட்டபோதும், 'தவறு செய்தவர்களுக்கு ஏன் நம் பணம்' என்ற பேச்சை நாங்கள் வகுப்பறை வரை கேட்டோம். இன்று அதை யாரும் எங்களிடம் கேட்பதில்லை. தாயிடமிருந்து தொற்றாமல் பிறந்த குழந்தைகள் அந்த வாதத்தை முடித்துவைத்தன என்று நினைக்கிறோம்.

எல்லாக் கேள்விகளுக்கும் எங்கள் பக்கம் விடை இருக்கிறது என்று சொல்லவில்லை. சிகிச்சையின் பயன் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நோயாளிகளைப் பின்தொடர்ந்து கவனித்தவையே. சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டவை மிகக் குறைவு. மனச்சோர்வு குறைவதையும் வாழ்க்கைத் தரம் உயர்வதையும் அவை காட்டுகின்றன. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 7,900 பேரில் அறுவை சிகிச்சைக்காக வருந்தியவர் நூற்றுக்கு ஒருவர் என்றது. அந்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதும், சிலவற்றில் நோயாளிகள் நெடுநாள் பின்தொடரப்படவில்லை என்பதும் உண்மை. சிறார்க்கான ஹார்மோன் சிகிச்சையில் சான்றுகள் இன்னும் மெலிந்தவை. 2024இல் இங்கிலாந்தில் வெளியான காஸ் அறிக்கை அதையே சுட்டியது. ஆகவே சிறார் விஷயத்தில் நிதானமே முறை என்பது எங்கள் கருத்து. வயதுவந்தவர்களுக்கான சிகிச்சையை நிறுத்த அது காரணமாகாது என்பதும் எங்கள் கருத்தே.

பணத்தைவிட அரிதான பொருள் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அது அறுவை அரங்கின் நேரம். ஒரு திருநங்கையின் முழுமையான அறுவை சிகிச்சைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகிறது. அதே மேசையில், அதே ஒட்டறுவை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் தீக்காயத் தழும்பால் மடங்கிய கைகள் இரண்டு மூன்றை நிமிர்த்தலாம். இந்த இழுபறி கற்பனையன்று. அரங்குப் பட்டியல் தயாரிக்கும் நாளில் நாங்கள் நேரில் காண்பது. எங்கள் நடைமுறை இதுதான்: உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்துள்ளவர் எவராயினும் முதலில், திட்டமிட்டுச் செய்யத்தக்கவை அனைத்தும், திருநர் அறுவை உட்பட, பதிவு வரிசையில். திருநருக்குத் தனிச் சலுகையுமில்லை, தனித் தடையுமில்லை. சிலர் பல மாதங்கள் காத்திருக்கின்றனர். சென்ற ஆண்டு ஒரு பெரும் தீ விபத்தின்போது மூன்று வாரம் அவர்களின் அறுவைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஒருவரும் முறையிடவில்லை, இருவர் இரத்தம் கொடுக்க முன்வந்தனர். விதிமுறைகளைப் பார்த்தபின் ஒருவரிடமிருந்து மட்டுமே பெற முடியவில்லை என்று சொல்ல நேரவில்லை, இருவரையுமே திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரத்த தானத்துக்கான தேசிய வழிகாட்டுதல்கள் திருநரை விலக்கி வைத்திருந்தன. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

அந்தத் தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம். அவர் குறை நியாயமானது. வாரத்துக்கு மூன்று வேண்டிய இடத்தில் இரண்டு கிடைப்பது மருத்துவ ரீதியாகவும் போதாதது. ஆனால் அதன் காரணத்தைச் சிறுநீரகப் பிரிவில் விசாரித்தபோது தெரிந்தது இது: இயந்திரங்கள் உள்ளன, இரவு முறைக்கு வேண்டிய டயாலிசிஸ் தொழில்நுட்பர் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை. ஆக, அவருடைய அண்ணனின் மூன்றாவது நாளை எடுத்துக்கொண்டவர் வாசலருகே அமர்ந்திருந்தவர் அல்லர். 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவை நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்த 2025ஐ இலக்காக வைத்தது. 2021-22ஆம் ஆண்டின் தேசிய கணக்கில், கொரோனா காலச் செலவுகளையும் சேர்த்து, அது 1.84 சதவீதமாகவே இருந்தது. பங்கு போதாதபோது பந்தியில் பக்கத்து இலையைப் பார்ப்பது மனித இயல்பு. நாங்களோ பரிமாறப்படும் அளவைப் பற்றிக் கேட்க விரும்புகிறோம். பணியிடங்களை நிரப்பக் கோரி இரு பிரிவுகளும் சேர்ந்து முதல்வர் அலுவலகத்துக்கு, அதாவது நம் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு, கடிதம் அளித்துள்ளோம். விடை வந்ததும் இந்த இதழில் தெரிவிப்போம்.

திருநர் சிறப்புப் பிரிவு செவ்வாய்க்கிழமை காலையில் நடைபெறுகிறது. அடையாள அட்டை இல்லை என்பதற்காக முதல் ஆலோசனை மறுக்கப்படுவதில்லை. அட்டையும் காப்பீடும் பெற மருத்துவமனையின் சமூகப் பணியாளர் உதவுவார். கடையில் வாங்கி ஏற்கெனவே மாத்திரை உட்கொண்டு வந்தால் அதன் அட்டையைத் தவறாமல் எடுத்து வாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். எந்த மருந்து, எத்தனை மாதம் என்பது தெரிந்தால்தான் இரத்தப் பரிசோதனையைத் தீர்மானிக்க முடியும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு உடனே வர வேண்டும். பெற்றோர் உடன் வர விரும்பினால், நோயாளியின் சம்மதத்தோடு, அவர்களிடம் பேச மனநல மருத்துவர் பன்னிரண்டு மணிக்குமேல் நேரம் ஒதுக்கியிருக்கிறார். சென்ற செவ்வாயன்று மூன்று தாய்மாரும் ஒரு தந்தையும் வந்திருந்தனர்.